இளம் நாய்க்கு மூட்டுவாதம்: கண்டுபிடிப்பதும் கையாள்வதும்

மூட்டுவாதம் என்றாலே முகம் நரைத்த கிழ நாய்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒன்றரை வயதில், சில நாய்களுக்கு எட்டு மாதத்திலேயே, மூட்டில் தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடுகிறது. இளம் நாய்க்கு இது அநேகமாகத் தானாக வருவதில்லை. மூட்டு சரியான வடிவத்தில் வளராமல் இருந்திருக்கும், முழங்கால் ஜவ்வு அறுந்திருக்கும், முட்டிச் சில்லு இடம் விலகியிருக்கும், அல்லது பழைய அடி ஒன்று இருக்கும். மூட்டுவாதம் அதன் விளைவுதான். அதனால் ‘மூட்டுவாதம்’ என்ற பெயரோடு வலி மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் பாதி வேலை கூட முடியவில்லை என்று அர்த்தம். எந்த மூட்டு, ஏன் கெட்டது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வேண்டும். சில கோளாறுகளைத் திருத்தும் அறுவை சிகிச்சைக்கு வயது வரம்பு உண்டு, அது மாதக் கணக்கில் கடந்துவிடும்.

அடிக்கடி பார்க்கும் காரணங்கள் இவை. பெரிய இன நாய்களில் இடுப்பு மூட்டின் பந்து கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் ஆடுவது, அதாவது ஹிப் டிஸ்பிளேசியா. முன்னங்காலில் அதே மாதிரி எல்போ டிஸ்பிளேசியா: முழங்கை மூட்டுக்குள் ஒரு சிறு எலும்புத் துண்டு உடைந்து உரசிக்கொண்டிருக்கும், அல்லது சேர வேண்டிய எலும்பு சேராமல் நிற்கும். தோள் மூட்டில் குருத்தெலும்பு பெயர்வது. சிறிய இனங்களில் முட்டிச் சில்லு விலகுவதும், தொடை எலும்பின் தலைப் பகுதி ரத்த ஓட்டம் நின்று சிதைவதும். முழங்கால் ஜவ்வு அறுவது எந்த இனத்துக்கும் வரலாம், பெரிய இனங்களில் இரண்டு வயதுக்கு முன்பே கூட.

கண்ணில் படும் அறிகுறிகள்

நாய் கத்தாது. ‘அது அழவே இல்லையே, அப்புறம் எப்படி வலி?’ என்று கேட்பவர்கள் அதிகம். நாள்பட்ட மூட்டு வலியில் நாய் முனகுவது அபூர்வம். அது செய்வதெல்லாம் வலிக்கிற காரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொள்வதுதான். சோபாவில் தாவி ஏறுகிற நாய் முன்னங்கால்களை மட்டும் வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். தூங்கி எழுந்த முதல் பத்து அடி விறைப்பாக நடந்து, பிறகு சரியாகிவிடும். இந்த ‘சரியாகிவிடும்’ என்பதே பலரை ஏமாற்றுகிறது. உடம்பு சூடேறியதும் விறைப்பு தளர்வது மூட்டுவாதத்தின் குணம், குணமானதன் அடையாளம் அல்ல.

எந்தக் கால் என்று பார்க்க, நாயை வாரில் பிடித்து மெதுவான ஓட்டமாக ஒருவர் கூட்டிச் செல்ல, இன்னொருவர் கைபேசியில் ஸ்லோ மோஷனில் படம் பிடியுங்கள். நடையில் தெரியாதது ஓட்டத்தில் தெரியும். முன்னங்காலில் வலி என்றால் தலையைப் பாருங்கள்: வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்காலில் வலி என்றால், வலிக்கும் கால் ஊன்றும்போது அந்தப் பக்க இடுப்பு மேலே எம்பும். பக்கவாட்டில் ஒரு முறை, நாய் உங்களை விட்டு விலகிப் போகும்போது ஒரு முறை, உங்களை நோக்கி வரும்போது ஒரு முறை எடுத்துவிடுங்கள். மருத்துவமனையில் பதற்றத்தில் நாய் நொண்டாமலே நடக்கும். அப்போது கையில் இருக்கும் இந்த வீடியோதான் சாட்சி.

இரண்டு பக்கமும் ஒரே அளவு வலித்தால் நொண்டலே தெரியாது. இளம் நாய்களில் இது சகஜம், ஏனென்றால் டிஸ்பிளேசியா பெரும்பாலும் இரு பக்கமும் வரும். அங்கே பார்க்க வேண்டியவை வேறு: எடுத்து வைக்கும் அடி குறுகியிருக்கும், ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்துத் துள்ளும், நிற்கும்போது முன் பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், உட்காரும்போது ஒரு முழங்கால் மடங்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், நெஞ்சும் தோளும் திரண்டிருக்க பின்புறம் மட்டும் ஒல்லியாக இருக்கும். ‘இது சோம்பேறி நாய்’ என்று பெயர் வாங்கிய ஒரு வயது லாப்ரடாரை முதலில் எலும்பு மருத்துவம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது. அந்த இனத்துக்கு அந்த வயதில் சோம்பல் இயல்பல்ல. தொட்டால் உறுமத் தொடங்குவது, மற்ற நாய்களோடு விளையாட மறுப்பது போன்ற குணமாற்றங்களும் இதே கணக்கில் வரும்.

மூட்டுவாதம் போலத் தெரியும் வேறு நோய்கள்

ஒரு வாரம் இந்தக் கால், அடுத்த மாதம் அந்தக் கால் என்று நொண்டல் இடம் மாறினால், 5 முதல் 18 மாத வயதுப் பெரிய இன நாய்க்குப் பெரும்பாலும் அது பானோஸ்டைட்டிஸ். வலி மூட்டில் இருக்காது, நீள எலும்பின் நடுப்பகுதியை அழுத்தினால் இருக்கும். வளர்ந்ததும் அடங்கிவிடும். காய்ச்சலோடு பல மூட்டுகள் ஒரே சமயத்தில் வீங்கி, முள்ளின் மேல் நடப்பது போல நாய் நடந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் வகையாக இருக்கலாம், அல்லது உண்ணி மூலம் வரும் தொற்றாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. நகங்களைத் தரையில் தேய்த்துக்கொண்டு, கால் பின்னிக்கொண்டு நடந்தால் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் எலும்பு புடைத்து, நாளுக்கு நாள் வலி ஏறினால் எலும்புப் புற்று இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். அது வயதான நாய்களின் நோய்தான், ஆனால் பெரிய இனங்களில் ஒன்றரை, இரண்டு வயதிலும் வரும்.

மூட்டு திடீரென்று சூடாக வீங்கி, நாய் காலை ஊன்றவே மறுத்து, காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டியது

நல்ல பரிசோதனை கையால்தான் தொடங்கும்: ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டி, எங்கே நாய் சுருங்குகிறது, எங்கே முழுதாக மடங்கவில்லை, தொடைச் சதை இரு பக்கமும் சமமா என்று பார்ப்பார்கள். பிறகுதான் எக்ஸ்ரே. இடுப்பு எக்ஸ்ரே என்றால் மயக்க மருந்து கொடுத்து எடுப்பதே முறை. விழித்திருக்கும் நாயைப் பிடித்து இழுத்து எடுத்த படத்தில் இடுப்பு சாய்ந்திருக்கும், நாய் சதையை இறுக்கி வைத்திருப்பதால் மூட்டின் தளர்வும் மறைந்துவிடும். அதே மயக்கத்தில் மருத்துவர் இடுப்பின் தளர்வையும் முழங்கால் ஜவ்வின் உறுதியையும் கையால் சோதித்துவிடலாம். ‘மயக்கம் கொடுக்கும்போது இதையும் பார்த்துவிடுவீர்களா?’ என்று முன்கூட்டியே கேளுங்கள். சந்தேகப்படும் கால் மட்டுமல்ல, எதிர்க் காலையும் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

முழங்கையில் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நாய் நொண்டினால் விட்டுவிடாதீர்கள். உள்ளே உடைந்த அந்தச் சிறு துண்டு எக்ஸ்ரேயில் பல நேரம் மறைந்திருக்கும், சி.டி. ஸ்கேனில்தான் தெரியும். இன்னொன்று, படத்தின் மோசத்துக்கும் வலியின் அளவுக்கும் நேர்க் கணக்கு கிடையாது. படம் பயங்கரமாக இருக்கும் நாய் உற்சாகமாக ஓடும். லேசான மாற்றம் உள்ள நாய் எழ மறுக்கும். சிகிச்சை நாயைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது.

இப்போது அந்த வயது வரம்புகள். இடுப்பு தளர்வாக இருக்கும் குட்டிக்கு, இடுப்பெலும்பின் கீழ் இணைப்பை முன்கூட்டியே மூடவைக்கும் சிறு அறுவை சிகிச்சை 12 முதல் 20 வாரத்துக்குள் மட்டுமே பயன் தரும், அதிலும் 16 வாரத்துக்குள் என்றால் நல்லது. கிண்ணத்தைத் திருப்பி வைக்கும் அறுவை சிகிச்சை சுமாராக 5 முதல் 10 மாதத்தில், தேய்மானம் தொடங்கும் முன் செய்வது; எக்ஸ்ரேயில் மூட்டுவாதம் தெரிந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விட்டது. அதன் பிறகு மிஞ்சுவது முழு இடுப்பு மாற்று, அல்லது தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிடுவது. இவை வளர்ச்சி முடிந்த பிறகும், மூட்டுவாதம் வந்த பிறகும் செய்யலாம். முழங்கால் ஜவ்வு அறுந்திருந்தால், பெரிய நாய்க்கு எலும்பின் சாய்வை மாற்றும் டி.பி.எல்.ஓ. போன்ற முறைகளைப் பேசுவார்கள். முழங்கைத் துண்டை நுண்துளை வழியாக எடுக்கலாம், ஆனால் எடுத்த பிறகும் அந்த முழங்கையில் மூட்டுவாதம் தொடரும் என்று தெரிந்தே செய்ய வேண்டும். நாய்க்கு ஒரு வயதுகூட ஆகவில்லை என்றால், ‘இன்னும் கொஞ்சம் வளரட்டும், பார்ப்போம்’ என்ற பதிலோடு திரும்பாதீர்கள். எலும்பு அறுவை நிபுணரின் கருத்தை அந்த மாதமே வாங்கிவிடுங்கள். அறுவை வேண்டாம் என்று அவரே சொன்னால் நிம்மதியாக மற்றதைப் பார்க்கலாம்.

எடை

மருந்தைவிட, மாத்திரைப் பொட்டலங்களைவிட, மூட்டுக்கு அதிகம் செய்வது எடைக் குறைப்புதான். 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து இரண்டு பிரிவாக வளர்த்து, ஒரு பிரிவுக்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்த ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. குறைவாகத் தின்ற நாய்களுக்கு மூட்டுவாதம் தாமதமாக வந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாகவும் வாழ்ந்தன. ஏற்கெனவே நொண்டும் பருத்த நாயில், எடையில் 6 முதல் 8 சதவீதம் குறைந்தாலே நடையில் வித்தியாசம் தெரிகிறது. கொழுப்பு வெறும் சுமை மட்டுமல்ல, வீக்கத்தைத் தூண்டும் பொருள்களையும் அது சுரக்கிறது. 

நாய் பருத்திருக்கிறதா என்று தெரிய, உங்கள் ஒரு கையை விரித்து வைத்து மறு கை விரலால் தடவுங்கள். விலாவைத் தடவும்போது உள்ளங்கையைத் தடவியது போல இருந்தால் நாய் பருமன். விரித்த புறங்கையின் எலும்புகள் போலத் தட்டுப்பட்டால் சரியான எடை. மடக்கிய கைமுட்டியின் விரல் கணுக்கள் போலத் துருத்தினால் மெலிந்துவிட்டது. நீளமான ரோமம் உள்ள நாயைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கையை உள்ளே விடுங்கள்.

கணக்கு இப்படி. நாய் இப்போது 34 கிலோ, இருக்க வேண்டியது 28 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருக்க வேண்டிய எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 28 × 28 × 28 = 21,952. அதற்கு வர்க்கமூலம் இரண்டு முறை எடுங்கள்: முதலில் 148.2, பிறகு 12.17. இதை 70ஆல் பெருக்கினால் 852. ஒரு நாளைக்கு அத்தனை கிலோகலோரிதான். இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 85, தின்பண்டத்துக்கும் மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் உணவுக்கும் சேர்த்து. மீதி 767. உலர் தீனிப் பையில் 100 கிராமுக்கு 350 கிலோகலோரி என்று போட்டிருந்தால், நாளுக்கு 219 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கப்பில் அளந்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவு விழும், அதுவும் எப்போதும் கூடுதலாகத்தான் விழும்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைவது சரியான வேகம்; இந்த நாய்க்கு 340 முதல் 680 கிராம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரே தராசில் நிறுத்துங்கள். மூன்று வாரம் ஆகியும் முள் அசையவில்லை என்றால் தீனியை 10 சதவீதம் குறையுங்கள். குறைப்பதற்கு முன்னால், வீட்டில் யார் தட்டிலிருந்து என்ன போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். பத்தில் ஒன்பது வீட்டில் விடை அங்கேதான் கிடைக்கும். நிறையக் குறைக்க வேண்டியிருந்தால் எடைக் குறைப்புக்கென்று வரும் தீனிக்கு மாறுவது நல்லது. சாதாரணத் தீனியையே அளவு குறைத்துக்கொண்டே போனால் புரதமும் சத்துகளும் சேர்ந்து குறைந்துவிடும்.

இன்னும் வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதைப் பட்டினி போடக் கூடாது, கொழுக்கவும் விடக் கூடாது. பெரிய இனக் குட்டிகளுக்கென்று உள்ள தீனி கொடுத்து, விலா கைக்குத் தட்டுப்படும்படி வைத்திருங்கள். எலும்பு பலமாகட்டும் என்று கால்சியம் சேர்ப்பது பெரிய இனக் குட்டிக்கு நேரடியாகக் கெடுதல். கூடுதல் கால்சியம் எலும்பின் வளர்ச்சியைக் குலைத்து, இதே மூட்டுக் கோளாறுகளை வரவழைக்கும்.

மீன் எண்ணெயும் மற்றவையும்

துணை உணவுகளில் ஓரளவு நம்பிக்கையாகச் சொல்லக்கூடியது மீன் எண்ணெய். பொட்டலத்தின் முன்பக்கம் எழுதியிருக்கும் ‘1000 மி.கி.’ எண்ணெயின் அளவு. உங்களுக்கு வேண்டியது பின்பக்கம் உள்ள ஈபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்புகளின் கூட்டுத்தொகை. சாதாரண 1000 மி.கி. மாத்திரையில் அது 180ம் 120ம் சேர்ந்து 300தான். மூட்டுவாதத்துக்குச் சொல்லப்படும் உச்ச அளவு, முன்பு கண்டுபிடித்த அந்த 12.17ஐ 310ஆல் பெருக்கினால் வருவது: நம் 28 கிலோ நாய்க்குச் சுமார் 3,770 மி.கி. அதைச் சாதாரண மாத்திரையில் கொடுக்க நாளுக்கு 12, 13 தேவை, அதிலேயே 100 கிலோகலோரிக்கு மேல் போய்விடும். எனவே செறிவான திரவ எண்ணெயாக வாங்குங்கள். கால் பங்கில் தொடங்கி மூன்று, நான்கு வாரத்தில் ஏற்றுங்கள். மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள், பல நாய்கள் உச்ச அளவை எட்டாமலே நன்றாக இருக்கும். மூட்டுக்கான சிறப்புத் தீனியில் ஏற்கெனவே இது சேர்ந்திருக்கும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். காட் மீன் ஈரல் எண்ணெய் வேண்டாம். இந்த அளவுக்குக் கொடுத்தால் வைட்டமின் ஏவும் டியும் நஞ்சாகும் அளவுக்குச் சேரும். ஆளி விதை எண்ணெய் மாற்று அல்ல, நாயின் உடம்பு அதை ஈபிஏவாக மாற்றுவது மிகக் குறைவு. அறுவை சிகிச்சைக்கு முன் மீன் எண்ணெய் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் பற்றி: கெடுதல் அனேகமாக இல்லை, பலனுக்கான ஆதாரமும் பலவீனம். மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்தலாம்.

மருந்து

நாய்களுக்கென்று உள்ள ஸ்டீராய்டு அல்லாத வீக்க மருந்துகள்தான் அடிப்படை: கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபைரோகாக்சிப், ரோபினாகாக்சிப், கிராபிப்ரன்ட் போன்றவை. எதைக் கொடுப்பது என்பது மருத்துவரின் முடிவு. வயதும் இதில் முக்கியம். ஏழு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு ஃபைரோகாக்சிப்பைத் தவிர்ப்பார்கள், ஒன்பது மாதத்துக்குட்பட்டதற்குக் கிராபிப்ரன்ட் கிடையாது. தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனையில் ஈரல், சிறுநீரகம் பார்த்து, 2 முதல் 4 வாரத்தில் ஒரு முறை, பிறகு தொடர்ந்து கொடுத்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது வழக்கம். இளம் நாய் பல வருடம் சாப்பிடப் போகிற மருந்து இது, அந்த முதல் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

ஒரு நாள் கொடுத்து, இரண்டு நாள் விட்டு, ‘பலனில்லை’ என்று முடிவு செய்வது வீண். விடாமல் இரண்டு வாரமாவது கொடுத்த பிறகே கணக்குப் பாருங்கள். வாந்தி, பசியின்மை, பேதி, தார் போலக் கறுத்த மலம் என்று எது வந்தாலும் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இன்னொரு வீக்க மருந்தோடும் சேர்க்கக் கூடாது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது இடையில் 5 முதல் 7 நாள் விடச் சொல்வார்கள். மனிதர்களின் ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், டைக்ளோஃபினாக் நாய்க்கு வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் கொண்டுவரும். அரை மாத்திரை, கால் மாத்திரை என்ற பேரமே வேண்டாம்.

மெலாக்சிகாம் திரவத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: பாட்டிலோடு வரும் சிரிஞ்சில் உள்ள கோடுகள் பல தயாரிப்புகளில் நாயின் எடையைக் காட்டும் கிலோக் கோடுகள், மில்லிலிட்டர் அல்ல. அந்தச் சிரிஞ்ச் தொலைந்ததும் சாதாரண ஊசிச் சிரிஞ்சில் அதே எண்ணுக்கு எடுத்தால் அளவு பல மடங்கு ஏறிவிடும். சிரிஞ்ச் தொலைந்தால் அதே தயாரிப்பின் சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள்.

வீக்க மருந்து மட்டும் போதாதபோது காபாபென்டின், அமன்டடின் போன்ற வேறு வலி மருந்துகளைச் சேர்ப்பார்கள். மனிதர்களுக்கான காபாபென்டின் திரவம் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாயைக் கொல்லும், மாத்திரையாகவே கேளுங்கள். மாதம் ஒரு முறை போடும் பெடின்வெட்மாப் ஊசி, லிப்ரேலா என்ற பெயரில் வருவது, வலியைக் கடத்தும் ஒரு புரதத்தைத் தடுக்கிறது. ஒரு வயது நிரம்பாத நாய்க்குப் போடுவதில்லை. பல நாய்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. அதே சமயம் தள்ளாட்டம், வலிப்பு, சிறுநீர் கட்டுப்படாமை போன்ற பக்கவிளைவுகள் பதிவானதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் கால்நடை மருத்துவர்களுக்கு அறிவித்தது. ஏற்கெனவே நரம்புக் கோளாறு இருக்கும் நாய் என்றால் இதை எடுத்துப் பேசுங்கள்.

வலி மருந்து பலன் தரத் தொடங்கும் முதல் வாரம்தான் ஆபத்தானது. மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்த நாய் திடீரென்று பாயும். சதை இன்னும் பலமாகவில்லை, மூட்டும் மாறவில்லை. அந்த வாரம் வாரை விடாதீர்கள்.

நடையும் பயிற்சியும்

ஓய்வு கொடுத்தால் மூட்டு பிழைக்கும் என்பது தவறான கணக்கு. சதை கரைந்தால் மூட்டைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. அதே சமயம் வாரம் முழுக்க வீட்டில் படுத்திருந்த நாயை விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஓடவிடுவதுதான் அடுத்த நாள் அது எழ முடியாமல் போகக் காரணம். தினமும் ஒரே அளவு, சிறு சிறு துண்டுகளாக: வாரில் 10 நிமிட நடை, நாளுக்கு மூன்று முறை என்று தொடங்குங்கள். முதல் மூன்று நிமிடம் மெதுவாக. மறுநாள் காலை எழும்போது விறைப்பு கூடவில்லை என்றால், வாரம் ஒரு முறை சுமார் 10 சதவீதம் ஏற்றுங்கள், அதாவது 10 நிமிடம் 11 ஆகும். விறைப்பு கூடியிருந்தால் பாதியாகக் குறைத்து, அங்கிருந்து மறுபடி ஏறுங்கள். நடந்து முடித்த உற்சாகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். தீர்ப்பு சொல்வது மறுநாள் காலைதான்.

பந்து வீசுவது நிற்க வேண்டும். கெடுதல் ஓடுவதில் அல்ல, பந்தருகே போய்ச் சட்டென்று நின்று திரும்புவதில் இருக்கிறது. அதில்தான் முழங்காலும் முழங்கையும் முறுக்கப்படுகின்றன. இளம் நாயின் துறுதுறுப்புக்கு வடிகால் வேண்டும்தான். தீனியை வீட்டுக்குள் பத்து, பதினைந்து இடத்தில் ஒளித்து மோப்பம் பிடிக்க விடுங்கள். பதினைந்து நிமிட மோப்ப வேலை ஒரு நாயை நன்றாகவே களைப்பாக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி மூன்று. ஒன்று, உட்கார்ந்து எழுவது: வழுக்காத விரிப்பில், வலிக்கும் கால் சுவரை ஒட்டியிருக்கும்படி நிறுத்தி, நேராக உட்காரவைத்து எழுப்புங்கள். சுவர் இருந்தால் காலைப் பக்கவாட்டில் தள்ளி ஏமாற்ற முடியாது. ஐந்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. நேராக உட்கார முடியாமல் பின்பக்கம் சரிந்தால் அன்றைக்குப் போதும். இரண்டு, எடை மாற்றுவது: நாய் நிற்கும்போது நல்ல காலை ஐந்து நொடி தூக்கிப் பிடித்தால், மறு கால் சுமையை ஏற்கும். மூன்று, தரையில் ஐந்தாறு கம்புகளை, நாயின் தோள் உயரம் அளவு இடைவெளியில் வைத்து, மெதுவாகத் தாண்டி நடக்கவைப்பது. முதல் இரண்டு வாரம் கம்புகள் தரையிலேயே இருக்கட்டும்.

எந்த மூட்டு என்று தெரிந்திருப்பது இங்கேயும் உதவும். மேடேறும்போது சுமை பின்னங்காலுக்குப் போகும், இறங்கும்போது முன்னங்காலுக்கு. இடுப்பு பலவீனமான நாய்க்கு மெல்லிய ஏற்றம் நல்ல பயிற்சி. முழங்கை நோயுள்ள நாய்க்கு இறக்கம் கெடுதல். தண்ணீரும் அப்படித்தான். தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில்லில் நீர்மட்டம் இடுப்பு உயரம் இருந்தால் நாய் தன் எடையில் 40 சதவீதத்துக்கும் குறைவாகவே தாங்கும், கணுக்கால் உயரம் மட்டும் இருந்தால் 90 சதவீதம் தாங்க வேண்டியிருக்கும். நீச்சல் பெரும்பாலும் முன்னங்கால் வேலை என்பதால் முழங்கை நாய்க்கு அளவோடுதான்.

வீடு

வழுக்குத் தரைதான் முதல் எதிரி. நாய் படுக்கும் இடம், தீனித் தட்டு, வாசல் மூன்றையும் இணைத்து ரப்பர் அடியுள்ள விரிப்புகளைப் போடுங்கள். நகத்தை வெட்டி, பாதத் திண்டுகளுக்கு இடையே வளரும் ரோமத்தையும் கத்தரியுங்கள். படுக்கையை உங்கள் முழங்காலால் அழுத்திப் பாருங்கள், தரை தட்டுப்பட்டால் மெத்தை போதாது. காரில் ஏற்ற சாய்பலகை வைத்தால், உயரத்தைப்போல மூன்று மடங்கு நீளம் இருக்க வேண்டும்: 60 செ.மீ. உயரத்துக்கு 180 செ.மீ. பலகை. அதைவிடச் செங்குத்தாக வைத்தால் நாய் பாதியில் குதித்துவிடும், பிறகு பலகையைப் பார்த்தாலே ஒதுங்கும்.

பதிவும் வலி ஏறும் நாட்களும்

மாதம் ஒரு முறை, அதே இடத்தில், அதே கோணத்தில், அதே நேரத்தில் அந்த மெதுவோட்ட வீடியோவை எடுங்கள். தொடையின் சுற்றளவை இரு பக்கமும் ஒரே உயரத்தில் தையல் டேப்பால் அளந்து எழுதுங்கள். எல்.ஓ.ஏ.டி. என்ற கேள்வித்தாள் உண்டு, லிவர்பூலில் உருவானது; மருத்துவரிடம் கேட்டு அதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிரப்பினால் நினைவை நம்ப வேண்டியிருக்காது. தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெல்லக் கூடும் நொண்டல் தெரியாது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் இடையிடையே வலி ஏறும் நாட்கள் வரும், பெரும்பாலும் ஒரு வழுக்கலுக்கோ அத்துமீறிய ஓட்டத்துக்கோ பிறகு. அப்போது 2 முதல் 5 நாள், சிறுநீர் மலத்துக்கு மட்டும் வாரில் வெளியே. முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் பொதியை 10 நிமிடம் வைக்கலாம். பழைய விறைப்புக்கு மட்டும், நடைக்கு முன் வெதுவெதுப்பான ஒத்தடம் 10 நிமிடம். மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். நொண்டல் ஐந்து நாளில் பழைய நிலைக்கு வரவில்லை என்றாலோ, காலை அடியோடு தூக்கிவிட்டாலோ, அது வெறும் வலி ஏற்றமாக இருக்காது. இடுப்பு டிஸ்பிளேசியா உள்ள நாய்க்கு முழங்கால் ஜவ்வும் அறுவதுண்டு. பழைய நோய்தான் என்று நினைத்து அதைத் தவறவிடுவது எளிது. முழங்காலைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.